நாலாவது ஆள்

உட்காருங்கம்மா, இந்த பெஞ்சுல வெயில் வராது. ஆபீஸ் சிஸ்டர் சாப்பிடப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க. ரூம் சாவி அவங்ககிட்டதான். பேரை எழுதிக்கிட்டு உங்க போனை வாங்கி அலமாரில வச்சுப் பூட்டிருவாங்க. வீட்டுக்கு ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிருங்க. தியான இல்லம்ல, சாயங்காலம் மணி அடிச்சப்புறம்தான் உங்களுக்கு மௌனம். எனக்கு நேத்தே ஆரம்பிச்சாச்சு, நான் பேசக் கூடாதுதான். ஆனா உங்களுக்கு இன்னும் ஆரம்பிக்கலையே. அதனால பாதிப் பாவம்தான்.

என் பேரு சந்தியாகு. பொன்மலை ரயில்வே பட்டறைல சார்ஜ்மேனா இருந்து ரிட்டயர் ஆனேன். குரல் கொஞ்சம் தூக்கலா இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க. அங்க மெஷின் ஓடுற சத்தத்துல மெதுவாப் பேசினா பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காது. "நான் எதிர்லதானே நிக்கிறேன்"னு செசிலி சொல்லுவா. செசிலி என் வீட்டுக்காரி. இப்ப மணப்பாறைல அவ தங்கச்சி ஜெசிந்தா வீட்டுல இருக்கா. அதுக்குத்தான் வந்திருக்கேன். தியானம் பண்ண வரலை. இன்னாசி ஃபாதரைப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பி வைங்கன்னு கேக்க வந்தேன். கெடுத்தவர் அவர். அவர்தானே சரி பண்ணணும்.

கெடுத்தவர்னு சொன்னதுக்குப் பயந்துறாதீங்க. தங்கமான மனுஷன். இங்க மாத்தலாகி வர்றதுக்கு முன்னாடி எங்க பங்குக் கோயில்லதான் இருந்தாரு. நடுவுல ஒரு லீவு போட்டு இலங்கைக்குப் போய், அங்க மலைல இருக்கிற புத்தத் துறவிங்ககூட கொஞ்ச மாசம் தங்கிட்டு வந்தாரு. திரும்பி வந்தப்ப கன்னம் ஒட்டிப்போய், பேச்சும் குறைஞ்சுபோச்சு. முன்னாடியெல்லாம் பிரசங்கம் ஆரம்பிச்சாருன்னா பிள்ளைங்க தூங்கி விழும். வந்தப்புறம் பத்து நிமிஷத்துல முடிச்சுருவாரு. ஊருல பாதிப் பேருக்கு அதுலயே புத்தர்மேல மரியாதை வந்துருச்சு.

எங்க தெருவுக்கு நான்தான் அன்பியப் பொறுப்பாளர். உங்க பங்குலயும் இருக்குமே, வாரம் ஒரு வீட்டுல கூடி ஜெபமாலை சொல்லி, வசனம் வாசிச்சு, மனசுல பட்டதை ஆளாளுக்குப் பகிர்ந்துட்டு, கடைசில சுண்டலும் டீயும். நல்லா நடத்திக்கிட்டு இருந்தேன். யாரு முதல்ல பேசணும், யாரு எவ்வளவு நேரம் பேசணும், எல்லாம் கட்டுப்பாடா இருக்கும். செசிலிக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது. அவ முறை வந்தா அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிடுவேன். அவளைக் கஷ்டப்படுத்தக் கூடாதுல்ல.

தவக்காலம் ஆரம்பிச்சப்ப ஃபாதர் எங்க கூட்டத்துக்கு வந்தாரு. இந்த வருஷம் ஜெபமாலை முடிஞ்சதும் பகிர்வு வேண்டாம், சும்மா உட்காருவோம்னாரு. சும்மான்னா சும்மா இல்ல. கண்ணை மூடி முதுகை நிமித்தி உட்காரணும். முதல்ல உங்களையே நினைச்சுக்கணும். நான் நல்லா இருக்கணும், என் மனசு அமைதியா இருக்கணும், ஆண்டவர் என்னைக் காக்கணும். அதுக்கப்புறம் உங்களுக்குப் பிரியமான ஒருத்தரோட முகத்தைக் கொண்டு வந்து, அதையே அவங்களுக்குச் சொல்லணும். மூணாவது, நல்லவரா கெட்டவரான்னு நீங்க யோசிச்சே பார்க்காத ஒரு ஆள், பஸ் கண்டக்டர் மாதிரி. நாலாவதா, உங்களுக்கு ஆகாத ஆள். அவங்க முகத்தையும் அப்படியே எதிர்ல வச்சு, நீயும் நல்லா இருக்கணும், உன் மனசும் அமைதியா இருக்கணும்னு சொல்லணும். தினமும் வீட்டுலயும் உட்காரணும், ஈஸ்டர் வரைக்கும்.

மரியாயின் சேனைன்னு மாதா பக்தி சபை, அதுல இருக்கிற ஒரு அம்மா எந்திரிச்சு, இது நம்ம மதத்துல இருக்கா ஃபாதர்னு கேட்டாங்க. ஃபாதர் கோவப்படலை. பகைவரை நேசிங்கன்னு ஆண்டவர் நமக்குச் சொல்லிட்டாரு, எப்படி நேசிக்கிறதுன்னு தெரியாம நாம முழிக்கிறோம், அந்தத் துறவிங்க அதுக்குன்னே ஒரு பயிற்சி வச்சிருக்காங்க, பக்கத்து வீட்டுல போய்க் கத்துக்கிறதுல என்ன வெக்கம்னாரு. அப்புறம் ஒரு கட்டளை போட்டாரு. நாலாவது ஆள் யாருன்னு வெளில சொல்லக் கூடாது. கட்டினவங்ககிட்டயும் சொல்லக் கூடாது.

இப்படிச் சொன்னா சும்மா இருக்குமா ஜனம்? அன்னைக்கு டீ குடிக்கிறப்ப ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிறதும், குனிஞ்சுக்கிறதும். மாமியாரும் மருமகளும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து கண்ணை மூடுவாங்க, பாதில ரெண்டு பேருக்கும் ஒரு கண்ணு திறந்திருக்கும். பொறுப்பாளர்னு நான் மட்டும் எல்லாரையும் பார்க்க வேண்டியிருந்தது, அதனால பார்த்தேன்.

எனக்கு நாலும் சுலபமாத்தான் அமைஞ்சது. என்னை நினைக்கிறதுல எனக்கு என்ன கஷ்டம். பிரியமானவங்கன்னு எங்க அம்மாவை வச்சேன், அவங்க போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. மூணாவதுக்கு, காஸ் சிலிண்டர் தூக்கிட்டு வர்றவர். நாலாவதுக்கு யோசிக்கவே வேண்டாம். பாக்கியநாதன்.

பாக்கியநாதனும் எங்க தெருதான். பெரிய வியாழன் அன்னைக்குப் பன்னெண்டு பேருக்குப் பாதம் கழுவுவாங்கல்ல, அந்தப் பன்னெண்டு பேரைக் கூப்பிடுறது அவன் பொறுப்பு. நான் ரிட்டயர் ஆன வருஷம், நமக்குக் கண்டிப்பா இடம் இருக்கும்னு கால் நகமெல்லாம் வெட்டி, புது வேட்டி எடுத்து வச்சிருந்தேன். அவன் என்னைக் கூப்பிடலை. எதிர்வீட்டுல குடிவந்து ஒரு வருஷம் ஆகாதவனைக் கூப்பிட்டான். நான் ஒரு வார்த்தை கேக்கலை. மறுநாளும் அவன்கூட சிரிச்சுத்தான் பேசினேன். உள்ள வச்சுக்கிட்டேன். அத்தனை வருஷம் அதை வெளில தெரியாம வச்சிருக்கிறதுன்னா அதுக்கும் ஒரு பக்குவம் வேணும்மா.

முதல் வாரம் அவன் முகத்தைக் கொண்டு வந்தாலே எனக்குப் பல்லைக் கடிக்கும். பாதி தவக்காலத்துல பல்லைக் கடிக்கிறது விட்டுப்போச்சு. அவன் காதுல முடி வளர்ந்து தொங்குறதெல்லாம் தெரிய ஆரம்பிச்சது. பாவம், அவனுக்கும் வயசாகுதுன்னு தோணுச்சு. சிரிக்காதீங்க, உண்மையாத்தான். கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்படியே நெஞ்சு லேசாயிருச்சு. நமக்குள்ள என்னமோ வளருதுன்னு எனக்கே நல்லாத் தெரிஞ்சது.

வீட்டுலயும் தெரிஞ்சது. செசிலி மாறிட்டா. நான் குளிக்கப் போறதுக்கு முன்னாடியே வெந்நீர் இருக்கும். முட்டி வலி எப்படி இருக்குன்னு கேப்பா. இட்லி ஒரு நாள் கல்லு மாதிரி இருந்துச்சுன்னு சத்தம் போட்டேன், முன்னாடின்னா தட்டை வெடுக்குன்னு எடுத்துக்கிட்டுப் போவா. அன்னைக்கு என்னை நிதானமாப் பார்த்துட்டு, தோசை ஊத்தித் தரவான்னு கேட்டா. கல்யாணமான புதுசுல கூட என்னை அப்படிப் பார்த்துக்கிட்டது இல்லைம்மா. நான் வளர வளர, கூட இருக்கிறவளுக்கும் அந்த ஆசீர் போகுதுன்னு நினைச்சேன். ஒரு நாள் ஃபாதரை நிறுத்தி இதைச் சொல்லவும் சொன்னேன். அவர் சந்தோஷம்னாரு.

ஈஸ்டர் முடிஞ்சு கூடினோம். விரும்பினவங்க அனுபவத்தைச் சொல்லலாம்னாரு ஃபாதர். பொறுப்பாளர் நான் முதல்ல சொல்லாட்டி யாரு சொல்லுவா? எந்திரிச்சேன். பேரைச் சொல்லக் கூடாதுன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஆனா அது கோவம் இருக்கிறவங்களுக்குத்தானே? எனக்குத்தான் கோவமே போயிருச்சே. நல்ல காரியத்தை மறைச்சு வைக்கிறது எதுக்கு? அதனால எல்லார் முன்னாடியும் சொன்னேன், "பாக்கியநாதா, உன்னை நான் முழு மனசோட மன்னிச்சுட்டேன்"னு.

அவன் டீ கிளாஸோட அப்படியே நிக்கிறான். "நான் என்னண்ணே பண்ணேன் உங்களுக்கு?"

அவனுக்குத் தெரியவே தெரியாதாம். பன்னெண்டு பேர் யாருன்னு கோயில் ஆபீஸ்ல இருந்து யாரோ சொல்லி விடுவாங்களாம், இவன் போய்ச் சொல்லிட்டு வர்றதோட சரியாம். அவன் பொண்டாட்டி அழுதுருச்சு, வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்டுக்குத்தானே அண்ணே முதல் பலகாரம் அனுப்புறோம், அதைத் தின்னுக்கிட்டேவா எங்களை விரோதின்னு நினைச்சீங்கன்னு. மன்னிச்சுட்டேன்னு சொன்னா சந்தோஷப்படணும், அதை விட்டுட்டு. அன்னைலேர்ந்து அவங்க வீட்டுல என்கூடப் பேச்சு இல்ல. மன்னிக்கிறதுக்கு முன்னாடி நல்லாப் பேசிக்கிட்டு இருந்தவன்.

வீட்டுக்கு வந்ததும் செசிலி, சொல்லக் கூடாதுன்னு ஃபாதர் சொன்னாருல்லன்னா. அதோட விட்டிருக்கணும் நான். உனக்கு யாருன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னா. அப்படிச் சொன்னா எனக்குத் தூக்கம் வராது. என் தங்கச்சியான்னேன். இல்ல. பின்வீட்டுக்காரியா, சாக்கடைத் தண்ணியை நம்ம பக்கம் விடுறவ? இல்ல. எங்க அம்மாவா, செத்தவங்களை எல்லாம் வைக்கக் கூடாது தெரியும்லன்னேன். அதுக்கும் இல்ல. ஒரு வாரம் விடலை. பூசைக்குப் போறப்ப, சாப்பிடுறப்ப, அவ சமையக்கட்டுல இருக்கிறப்ப, விடாம கேட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலைல வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. நான் பேப்பர் பார்த்துக்கிட்டே திரும்பக் கேட்டேன்.

"நீங்கதான்"னா.

சத்தமா எல்லாம் சொல்லலை. உப்பு எடுங்கன்னு சொல்லுற மாதிரி சொன்னா.

நான் சிரிச்சேன். விளையாட்டுன்னு நினைச்சேன். அவ வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே இருக்கா. அப்பதான் எனக்கு உறைச்சது. அந்த வெந்நீரு, அந்த முட்டி வலி விசாரிப்பு, அந்த தோசை, எல்லாம் எனக்குன்னு செஞ்சது இல்லையாம்மா? விரோதிக்குச் செஞ்ச உபகாரமா? நாப்பது நாளா நான் பெருமையா வாங்கிச் சாப்பிட்டிருக்கேன்.

நான் உனக்கு என்னடி குறை வச்சேன்னு கேட்டேன். குடிச்சேனா, அடிச்சேனா, சம்பளத்தைக் கொண்டு வந்து கைல கொடுக்காம இருந்தேனா? ஒரு மகனை இஞ்சினியர் ஆக்கினேன், ஒரு பொண்ணை நல்ல இடத்துல கட்டிக் கொடுத்தேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டா. கேட்டுட்டு ஒண்ணுதான் சொன்னா. "மூத்தவனை எங்க அடக்கம் பண்ணீங்கன்னு இன்னும் எனக்குத் தெரியாது."

எங்களுக்கு முதல்ல ஒரு பையன் பிறந்து ஒரு ராத்திரிதான் இருந்தான். அவ ஆஸ்பத்திரில மயக்கத்துல கிடந்தா. நான்தான் தனியாளா எடுத்துக்கிட்டுப் போய், கல்லறைத் தோட்டத்துல சுவரோரமா வச்சுட்டு வந்தேன். சிலுவை நடணும்னுதான் இருந்தேன். பட்டறைல அப்ப ஓவர்டைம். அப்புறம் சுவரை இடிச்சுக் கட்டினாங்க, மண்ணு போட்டு மட்டம் பண்ணாங்க. முதல் வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கிட்டு, எந்த இடம்னு கேட்டா. அதை ஏன் கிளறுற, மறந்துரு, அடுத்தது பொறக்கும்னேன். அவ நல்லதுக்குத்தானே சொன்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கலை. வருஷா வருஷம் நடுவுல இருக்கிற பெரிய சிலுவைகிட்ட மெழுகுவத்தி ஏத்திட்டு வருவா. எல்லா ஆத்துமாக்களுக்கும் பொதுவானதுதானே அது. அவளுக்கு அது போதும்னுதான் நான் நினைச்சேன்.

அதுக்கா இத்தனை வருஷம்னு கேட்டேன். ஆமான்னா. இப்ப கோவம் இல்லைன்னா. உண்மையாவே இல்ல, அவ குரல்லயே தெரிஞ்சது. சரி, இல்லைல்ல, அப்ப முடிஞ்சதுன்னு நான் பேப்பரை எடுத்துக்கிட்டேன்.

மறுவாரம் ஒரு பையை எடுத்து வச்சிருக்கா. அரிசி எங்க, பருப்பு எங்க, என் மாத்திரையில காலைக்கு எது, ராத்திரிக்கு எதுன்னு காட்டுறா. எங்கடி போறன்னேன். ஜெசிந்தா தனியா இருக்கா, அவகூட இருக்கப் போறேன்னா.

"கோவம் இருந்தவரைக்கும் என்னால போக முடியலைங்க. போனா சண்டை போட்டுட்டுப் போனவள்னு ஆகியிருக்கும், மனசு அங்கயும் ஆறியிருக்காது. இப்ப ஒண்ணும் இல்ல. போயிட்டு வரேன்."

சண்டைன்னா எனக்குத் தெரியும்மா. முப்பது பேர் வேலை பார்த்த இடத்தைக் கட்டி மேய்ச்சவன் நான், எப்பேர்ப்பட்ட சண்டையையும் ரெண்டு அதட்டுல முடிச்சுருவேன். இது சண்டையே இல்லையே. நான் எதை அதட்டுறது? வாசல் வரைக்கும் போய் நின்னேன். ஆட்டோல ஏறினா. அவ்வளவுதான்.

போனவ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுறா. மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களான்னு நல்லாத்தான் கேக்கறா. எப்ப வரன்னு கேட்டா, பார்க்கலாம்ங்கிறா. எங்க மகன் ஃபோன்ல, விடுங்கப்பா, அம்மா கொஞ்ச நாள் இருக்கட்டும்ங்கிறான். மெஸ் சாப்பாடு நாக்குல ஒட்ட மாட்டேங்குது. ராத்திரி டிவியைப் போட்டுக்கிட்டே தூங்கிடுறேன், இல்லைன்னா வீடு ரொம்பச் சத்தமில்லாம இருக்கு. அலுத்துப்போச்சும்மா. கோவப்படக் கூட தெம்பு இல்ல.

முந்தாநாள் இங்க வந்து எல்லாத்தையும் ஃபாதர்கிட்ட கொட்டினேன். பூராத்தையும் கேட்டாரு. நீங்க சொன்னா தட்ட மாட்டா, ஒரு போன் போடுங்க ஃபாதர்னேன். மாட்டேன்னுட்டாரு. அப்புறம் ஒண்ணு கேட்டாரு.

"சந்தியாகு, உங்க நாலு பேர்ல செசிலியம்மா எங்க இருந்தாங்க?"

என்ன கேள்வி பாருங்க. அவ வீட்டுல இருந்தா ஃபாதர்னேன். கூடவே இருக்கிறவளை எதுக்குக் கண்ணை மூடிக்கிட்டு நினைக்கணும்? அவர் நாலு விரலைத் தூக்கிக் காட்டினாரு. நானும் மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தேன். நான் இருந்தேன். எங்க அம்மா இருந்தாங்க. காஸ் போடுறவர் இருந்தாரு, அவர் பேரு கூட எனக்குத் தெரியாது, தவக்காலம் பூரா அவர் நல்லா இருக்கணும்னு நான் வேண்டியிருக்கேன். பாக்கியநாதன் இருந்தான். அவ இல்ல. அவளாவது எனக்கு ஒரு இடம் கொடுத்திருக்கா.

இங்க இருங்க, அவங்களை வச்சு உட்காருங்கன்னாரு. எந்த இடத்துல வைக்கட்டும்னேன். எங்க வேணா வைங்க, முகத்தை மட்டும் கொண்டு வாங்கன்னாரு.

நேத்து பூரா உட்கார்ந்தேன். இன்னைக்குக் காலைலயும் உட்கார்ந்துட்டுத்தான் வந்திருக்கேன். முகம் வரலைம்மா. அடுப்புகிட்ட நிக்கிறா, முதுகு வருது. துணி காயப் போடுறா, அதுவும் முதுகு. கோயிலுக்குப் போறப்ப முன்னாடி நான் போவேன், அவ பின்னாடி வருவா, அதுல செருப்புச் சத்தம்தான் வருது. கல்யாணப் போட்டோ வருது, அதுல இருக்கிறது யாரோ சின்னப் பொண்ணு. கன்னத்துல ஒரு மச்சம் உண்டு. எந்தக் கன்னம்னு நேத்துலேர்ந்து யோசிக்கிறேன். போன்ல பார்க்கலாம்னா போனை சிஸ்டர் பூட்டி வச்சிருக்காங்க. பாக்கியநாதன் மட்டும் கூப்பிடாமலே வந்து எதிர்ல உட்கார்றான்.

இன்னைக்கு மத்தியானம் ஃபாதர் பின்னாடியே போய்க் கேட்டேன். வீட்டுக்கு வர வேண்டாம் ஃபாதர், இங்க ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்க, பேச வேண்டாம், கொஞ்ச நேரம் எதிர்ல உட்கார்ந்தா போதும், நான் பார்த்துக்கிறேன்னேன். அவங்க ஏன் வரணும், மணப்பாறைக்கு பஸ் இல்லையான்னாரு.

இருக்கு. கீழ ரோட்டுலயே நிக்கும், அவ போனதுலேர்ந்து தினம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நான் ஏறிப் போகலாம்னு இதுவரைக்கும் எனக்குத் தோணவே இல்ல. நாளைக்குக் காலைல போகலாம்னு இருக்கேன். ஆனா அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே சாடைம்மா. ஒரே உயரம், பேச்சும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நான் போய்த் தட்டி, கதவைத் திறக்கிறது ஜெசிந்தாவா செசிலியான்னு தெரியாம நின்னுருவேனோன்னு பயமா இருக்கு.